கால்வாய் ஈன்ற கல்லூரி

1837-38ஆம் ஆண்டுகளில், வட இந்தியாவிலே கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பைப் பெரும் பஞ்சம் வாட்டியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அத்துயர் மீண்டும் நேராதிருக்கக் கங்கையிலிருந்து கால்வாய் வெட்டும் பணி 1842இல் தொடங்கிற்று. பயிற்சி பெற்றோர் போதாமையினால் 1847இல் ரூர்க்கியில் ஒரு பொறியியற் கல்லூரி எழுந்தது.

1854இல் கால்வாய் திறக்கப்பட்டது. வயல்கள் தழைத்தன, ஆயினும் வடிகால் குன்றிய இடங்களில் நீர் தேங்கி, நிலம் உவர் பூத்தது. நீரைக் கொணர்தல் பாதிக் கல்வியே. வடியச் செய்தல் மறுபாதி என்பதை மண்ணே உணர்த்திற்று.

அக்கல்லூரி 1949இல் பல்கலைக்கழகமாயிற்று. 1955இல் ஆசிய, ஆபிரிக்கப் பொறியியலாளருக்கான நீர்வளப் பயிற்சி நிலையமும் அங்கு அமைந்தது. 2001இல் அது இந்தியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. ஆறும் நிலமும் மக்களும் ஒரே பாடம் என்பதே, நேயர்களே, அக்கால்வாய் கற்பித்த கல்வி.