கொடுத்தவர் போய்விட்டார், பட்டம் நின்றது

1595-ல் ஹங்கேரியில் எஸ்டர்கோம் கோட்டை முற்றுகை நடக்கிறது. உள்ளே துருக்கியர், வெளியே புனித ரோமப் பேரரசின் படை. பேரில்தான் ரோம். பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் உட்கார்ந்திருந்தது பிராகாவில். அவர் படையில் தாமஸ் அருண்டெல் என்று ஒரு ஆங்கிலேயர். கத்தோலிக்கர். துருக்கியரின் கொடியைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டார். ருடால்ஃப் மகிழ்ந்துபோய், அந்த டிசம்பரிலேயே 'கவுண்ட்' பட்டம் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பினால் மாலை மரியாதையா கிடைத்தது? ஜெயில்! முதலாம் எலிசபெத் அவரை ஃப்ளீட் சிறைக்கு அனுப்பிவிட்டார். என் ஆட்டுக்கு அடுத்தவன் சூடு போடுவதா என்கிற மாதிரி ராணி கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பல வடிவங்கள் இருக்கின்றன, சாரம் ஒன்றுதான்.

ராணிக்கு ஏன் இவ்வளவு கோபம்? வெறும் பொறாமை என்று நான் நினைக்கவில்லை. பட்டத்தின் அமைப்பைப் பாருங்கள், புரியும்.

இங்கிலாந்தில் பிரபு பட்டம் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும். அவர் இறந்தால் வழக்கமாக மூத்த மகனுக்குப் போகும். தம்பிமார் பிரபு கிடையாது. ருடால்ஃப் கொடுத்ததோ ஆண், பெண் என்று பார்க்காமல் வழித்தோன்றல்கள் எல்லாருக்கும், என்றைக்கும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், முன்னது ஒரே யூசர் லைசென்ஸ், பின்னது அன்லிமிடெட். தலைமுறைக்குத் தலைமுறை கவுண்ட்கள் பெருகுவார்கள். அத்தனை பேரும் "எங்களுக்கு எந்த வரிசையில் இடம்?" என்று கேட்டால்? தாமஸின் அப்பாவே வெறும் 'சர்'தான். மகன் அப்பாவைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டியிருக்கும்!

அதைவிடப் பெரிய சிக்கல் விசுவாசம். அப்போது ஸ்பெயினோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கர்கள் மேல் அரசுக்கு ஏற்கெனவே சந்தேகம். அந்த நேரத்தில் ஒரு கத்தோலிக்கக் குடிமகன் கத்தோலிக்கப் பேரரசரிடம் கௌரவம் வாங்கி வந்தால், அவர் யாருடைய ஆள்? இந்த விவாதத்தை அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் வில்லியம் காம்டனும் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் சுலபமான வழி ஒன்றைப் பிடித்தார். 1605-ல் தாமஸுக்கு 'வார்டரின் அருண்டெல் பேரன்' என்று ஒரு ஆங்கிலப் பட்டம் கொடுத்தார். கவுண்ட் பட்டத்தை வீட்டில் வைத்துக்கொள், சபையில் உட்கார இது போதும் என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம்.

ஆனால் குடும்பம் பழையதை விடவில்லை. தாமஸின் மகள் ஆன், மேரிலாந்து குடியேற்றத்தின் உரிமையாளர் செசில் கால்வெர்ட்டைக் கட்டிக்கொண்டார். அமெரிக்காவில் இன்றும் இருக்கும் ஆன் அருண்டெல் கவுண்டி இவர் பேரில்தான். ருடால்ஃபின் சாசனப்படி இவரும் ஒரு கவுண்டஸ்.

1806-ல் புனித ரோமப் பேரரசே கலைந்துபோனது. பட்டம் போகவில்லை! பிரபுக்கள் பற்றிய ஆங்கிலக் கையேடுகளில் அருண்டெல் பேரன் பேருக்குப் பக்கத்தில் அது வந்துகொண்டே இருந்தது. 1932-ல் ஐந்தாம் ஜார்ஜ், வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இருந்த அரச அனுமதிகளைச் சில விதிவிலக்குகளோடு முடிவுக்குக் கொண்டுவந்தார். எலிசபெத் 1596-ல் எழுப்பிய பிரச்சினைக்கு வந்த தாமதமான பதில் என்றுதான் எனக்கு இது படுகிறது.

'யாருடைய ஆள்' என்ற கேள்விக்கு அந்தக் குடும்பமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. 16-ஆவது பேரன் ஜான் அருண்டெல், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரியாகச் சண்டை போட்டு, ஜெர்மானியரிடம் சிக்கி, கோல்டிட்ஸ் கோட்டையில் அடைபட்டார். காசநோய் முற்றியதால் ஊருக்கு அனுப்பினார்கள். 1944-ல் இறந்துபோனார். வாரிசு இல்லாததால் ஜேம்ஸ் கொடுத்த பேரன் பட்டம் அவரோடு முடிந்தது. ஜெர்மன் பேரரசர் ஒருவர் கொடுத்த பட்டத்தைச் சுமந்த குடும்பத்தின் கடைசிப் பேரன், இங்கிலாந்துக்காக ஜெர்மன் சிறையில் கிடந்திருக்கிறார்.