பழைய நாணயம் கையில் இருக்கா? ஆன்-லைன் ஏலத்தில் நல்ல விலைக்கு விற்பது எப்படி?

தாம்பரம்:

"உங்கள் வீட்டில் பழைய 5 ரூபாய் நாணயம் இருக்கா? நீங்கள் லட்சாதிபதி!" என்று செல்போனில் விளம்பரம் வந்து விழாத நாளே இல்லை. அதைப் பார்த்துவிட்டு பாட்டி காலத்து சுருக்குப் பையையும், பீரோவையும் குடைகிறவர்கள் ஏராளம்.

இதில் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். ஒன்றுமில்லாத நாணயத்தை வைத்துக்கொண்டு லட்சக் கனவு கண்டு, கையில் இருப்பதையும் மோசடி ஆசாமிகளிடம் இழப்பவர்கள் ஒரு பக்கம். நிஜமாகவே மதிப்புள்ள நாணயத்தை அவசரத்துக்கு எடைக்குப் போட்டுவிட்டு வருபவர்கள் இன்னொரு பக்கம்.

கொஞ்சம் பொறுமையும், விவரமும் இருந்தால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம். வீட்டில் இருந்தபடியே ஆன்-லைன் ஏலத்தில் நியாயமான விலைக்கு விற்கலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

வயசு விலை பேசாது

பழசு என்றாலே விலை அதிகம் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. நாணயத்தின் விலையை முடிவு செய்வது மூன்று விஷயம். அந்த நாணயம் எத்தனை மிச்சம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அது.

இதற்கு நம் சென்னையிலேயே ஒரு கதை உண்டு. சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காக கிழக்கிந்திய கம்பெனி இங்கிலாந்தில் செப்புக் காசுகளை அச்சடித்து கப்பலில் அனுப்பியது. 'அட்மிரல் கார்ட்னர்' என்ற அந்தக் கப்பல் 1809-ம் ஆண்டு இங்கிலாந்து கரையைத் தாண்டுவதற்குள் மணல் திட்டில் சிக்கி மூழ்கிவிட்டது. 1980-களில் கடலுக்கு அடியில் இருந்து அந்தக் காசுகளை ஏராளமாக வெளியே எடுத்தார்கள்.

200 வருடத்துக்கும் மேல் பழசு, கப்பல் கதை வேறு. ஆனாலும் அந்தக் காசு எட்டாத விலைக்குப் போவதில்லை. காரணம், அவ்வளவு கிடைத்துவிட்டது.

நம் ஊர் ஓட்டைக் காலணாவும் அப்படித்தான். 1943 முதல் 1947 வரை வந்த அந்தக் காசு கோடிக்கணக்கில் அச்சானது. ஒன்றிரண்டு இருந்தால் ஞாபகமாக வைத்துக்கொள்ளலாம். அதை நம்பி கடன் வாங்கக் கூடாது.

முதலில் அது என்ன நாணயம்?

விற்பதற்கு முன்பு நாணயத்தின் ஜாதகத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆண்டு, உலோகம், எடை, அச்சடித்த ஆலை ஆகிய நான்கும் தெரிய வேண்டும்.

சுதந்திர இந்தியாவின் நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே ஒரு சின்ன அடையாளம் இருக்கும். இதை 'மின்ட் மார்க்' என்கிறார்கள். டைமண்ட் வடிவம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டில் வந்த ஒரே நாணயம் கூட ஒரு ஆலையில் அதிகமாகவும், இன்னொரு ஆலையில் குறைவாகவும் அச்சாகி இருக்கலாம். விலை அங்கேதான் மாறுகிறது.

வெள்ளைக்காரன் காலத்து ரூபாயில் இன்னும் உஷார் வேண்டும். விக்டோரியா ராணி படம் போட்டு 1862 என்று அச்சான ரூபாயைப் பலர் வீட்டில் பார்க்கலாம். உண்மையில் 1862 என்ற அதே ஆண்டைப் போட்டு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அச்சடித்தார்கள். நாணயத்தில் உள்ள குட்டிக் குட்டிப் புள்ளிகளை எண்ணித்தான் சேகரிப்பாளர்கள் ரகம் பிரிக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுத்துவிடக் கூடாது.

வெள்ளி எவ்வளவு?

எந்த விலைக்குக் கீழே போகக் கூடாது என்று தெரிய வெள்ளிக் கணக்கு உதவும். விக்டோரியா காலம் முதல் 5-ம் ஜார்ஜ் காலம் வரை வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி.

6-ம் ஜார்ஜ் படம் போட்டு 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. சுமார் 5.8 கிராம். 1947-ல் வந்த புலி போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

அன்றைய வெள்ளி விலையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். அதுதான் அடிமட்ட விலை. நகைக்கடையில் பழைய வெள்ளியாகப் போட்டால் கிட்டத்தட்ட இதுதான் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள நாணயத்துக்கு சேகரிப்பவர் இதற்கு மேலேதான் தருவார்.

6-ம் ஜார்ஜின் 1939-ம் ஆண்டு வெள்ளி ரூபாய் மிக மிக அரிது. அதனாலேயே அதில் போலி அதிகம். உங்களிடம் 1939 இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்பு விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிடுவது நல்லது.

புளி போட்டுத் தேய்க்காதீங்க!

விற்கப் போகிறோமே, பளபளப்பாக இருக்கட்டும் என்று புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. விலையைப் பாதியாக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

நாணயத்தின் மேல் வருடக்கணக்கில் படியும் மங்கல் நிறம் அதன் நிஜத் தோல் மாதிரி. தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். சேகரிப்பவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்து ஒதுங்கிவிடுவார். சங்க காலப் பாண்டியர் காசில் 'பெருவழுதி' என்ற பெயரைப் படித்துச் சொன்னவர் நாணய ஆய்வாளர் இரா.கிருஷ்ணமூர்த்தி. தேய்த்துத் தேய்த்து அந்த எழுத்தை அழித்திருந்தால் அது வெறும் செப்புத் துண்டு.

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். தனித்தனியாகக் காகித உறையில் போடுங்கள். விலை மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் கவரில் வருடக்கணக்கில் வைத்தால் பச்சை பூத்துவிடும்.

கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு

இன்டர்நெட்டில் ஒரு ரூபாய் நாணயத்துக்கு ரூ.3 லட்சம் என்று போட்டிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பதுதான் கேள்வி.

நாணய ஏல நிறுவனங்கள் பலவும் ஏலம் முடிந்ததும் எந்த நாணயம் எவ்வளவுக்குப் போனது என்று இணையதளத்தில் வெளியிடுகின்றன. அதே ஆண்டு, அதே ஆலை, அதே நிலையில் உள்ள நாணயம் கடைசியாக எவ்வளவுக்கு விற்றது என்று நான்கைந்து ஏலத்தில் பாருங்கள். நடுவில் வரும் விலைதான் உங்கள் விலை.

எங்கே விற்கலாம்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய நாணயம் வாங்கி விற்கும் கடைகளைப் பார்க்கலாம். கையில் உடனே காசு கிடைக்கும். ஆனால் அங்கே வாங்குகிறவர் லாபம் வைத்து விற்பதற்காக வாங்குகிறார். சாதாரண நாணயங்களைக் கொத்தாகத் தள்ளிவிட சந்தை சரி. அரிதான ஒன்று இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அதை நாணயத்துக்கென்றே ஏலம் நடத்தும் நிறுவனத்தில் கொடுக்கலாம். மும்பையில் டோடிவாலா, ஆஸ்வால், பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ், ஆமதாபாத்தில் கிளாசிக்கல் நியூமிஸ்மாட்டிக் கேலரி போன்றவை இந்தத் தொழிலில் தெரிந்த பெயர்கள். முதலில் போட்டோ அனுப்பிக் கேட்கலாம்.

'இ-பே இந்தியா' தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. பழைய யோசனையில் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள்.

இரண்டாவது ஆள்தான் முக்கியம்

ஏலத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விலையை ஏற்றுவது ஜெயிக்கிறவர் இல்லை. அவரோடு மல்லுக்கட்டும் இரண்டாவது ஆள்தான்.

ஒருவர் ரூ.8 ஆயிரம் வரை தரத் தயாராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்கு ஆளே இல்லை என்றால் ஆரம்ப விலையான ஆயிரத்திலேயே நாணயத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். ரூ.6 ஆயிரம் வரை வரக்கூடிய இன்னொருவர் இருந்தால், விலை 6 ஆயிரத்தைத் தாண்டித்தான் நிற்கும். அந்த இரண்டாவது ஆளை வரவழைப்பதுதான் விற்பவரின் வேலை. அதற்கு என்ன செய்யலாம்?

* பூ, தலை இரண்டு பக்கமும் தெளிவாக போட்டோ எடுங்கள். ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சம் போதும். பிளாஷ் வேண்டாம்.

* சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து எடை தெரியும்படி ஒரு போட்டோ போடுங்கள். போலி என்ற சந்தேகம் குறையும்.

* தலைப்பில் ஆண்டு, அரசர் பெயர், ஆலை, உலோகம் எழுதுங்கள். "அபூர்வ நாணயம், அதிர்ஷ்ட நாணயம்" என்று எழுதினால் தேடுகிறவர் கண்ணில் படாது.

* கீறல், ஓட்டை, நகையில் கோர்த்த வளையத் தடம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் திரும்பி வரும்.

* பலர் தேடும் நாணயத்துக்கு ஆரம்ப விலையைக் குறைவாக வையுங்கள். ஆட்கள் சேருவார்கள். நான்கைந்து பேர் மட்டுமே தேடும் நாணயத்துக்கு, இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற 'ரிசர்வ்' விலை கட்டாயம் வேண்டும்.

* முடியும் நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால், ஞாயிறு இரவு மாதிரி எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். மாதக் கடைசியைவிட சம்பளம் வந்த வாரம் நல்லது.

மச்சானை விட்டு பொய்யாக விலை கேட்க வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது மோசடி. மாட்டினால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

கையில் எவ்வளவு நிற்கும்?

ஏலம் போன விலை அப்படியே கைக்கு வராது. உதாரணத்துக்கு ரூ.5 ஆயிரத்துக்குப் போன நாணயத்துக்கு 10 சதவீதம் கமிஷன் என்றால் ரூ.500 போய்விடும். தபால், இன்சூரன்ஸ் ரூ.150 என்றால் கையில் நிற்பது ரூ.4,350. சந்தையில் ரூ.4,400 தருகிறேன் என்றால் அங்கேயே கொடுத்துவிடலாம்.

கமிஷன் எவ்வளவு, விற்காவிட்டால் திருப்பி அனுப்ப யார் செலவு, பணம் எத்தனை நாளில் வரும் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாணயத்தைக் கொடுத்ததற்கு ரசீது கட்டாயம். அனுப்பும்போது இன்சூர் செய்து அனுப்புங்கள். பார்சலுக்குள் நாணயம் குலுங்கிச் சத்தம் கேட்கக் கூடாது. பார்சல் கட்டுவதை செல்போனில் வீடியோ எடுத்து வைப்பது பின்னால் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

100 வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் இருந்து யாராவது டாலரில் நல்ல விலை கேட்டாலும் விக்டோரியா ரூபாயை பார்சல் கட்டினால் வம்புதான். தொல்பொருள் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய லைசென்ஸ் வேண்டும்.

வீடு கட்டத் தோண்டும்போது மண்ணுக்கு அடியில் புதையலாகக் காசு கிடைத்தால் கதையே வேறு. அதை விற்க முடியாது. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

பணம் கேட்டால் ஓட்டம் பிடியுங்கள்

வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சம் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் இன்னும் சுற்றுகின்றன. 2012-ல் வெளியான அந்த நாணயம் புழக்கத்துக்காக ஏராளமாக அச்சடிக்கப்பட்டது. ராமர், அனுமார் படத்துடன் 1818 என்று போட்ட 'கிழக்கிந்திய கம்பெனி' காசும் அரிசியை இழுக்கும் அதிசயக் காசு இல்லை. கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிடவே இல்லை.

மோசடி கும்பலின் வழி ஒன்றுதான். முதலில் "உங்கள் நாணயம் 20 லட்சம் போகும்" என்பார்கள். அடுத்து பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன் என்று ஆயிரம் ஆயிரமாகக் கறப்பார்கள். ரிசர்வ் வங்கி பெயரில் போலிக் கடிதமும் வரும். பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது.

உங்களுக்குப் பணம் வர யு.பி.ஐ. பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. ஓ.டி.பி. சொல்ல வேண்டியதும் இல்லை. கேட்டால் அது திருட்டு.

பணத்தை இழந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். தாம்பரம் மாநகர போலீசின் சைபர் கிரைம் பிரிவிலும் புகார் தரலாம்.

நாணயம் உங்களுடையது. விற்கிறவர் நீங்கள். ஆகவே பணம் உங்கள் பக்கம் வர வேண்டுமே தவிர, உங்களிடம் இருந்து போகக் கூடாது.