உருளவள்ளியில் ஓரணி, பின்னர் இரு சங்கங்கள்

கேகாலைத் தோட்டங்களில் வயோதிபர்கள் சங்கத்தின் முழுப்பெயரைச் சொல்வது குறைவு. "தொண்டமான் சங்கமா, அஸீஸ் சங்கமா?" என்றே கேட்பார்கள். எங்கள் வாப்பாவின் கடைக்கும் அந்தக் கேள்வி தேவைப்பட்டது. வேலைநிறுத்தம் வந்தால் எந்தச் சங்கத்தார் எப்போது வேலைக்குத் திரும்புவர் என்று கணித்துத்தான் கடன் கொப்பியைத் திறப்பார்.

இருவரும் 1939இல் உருவான இலங்கை இந்தியன் காங்கிரஸின் தொடக்ககாலத் தலைவர்கள். தொண்டமான் இறம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்ட உரிமையாளர் வீட்டுப் பிள்ளை. அப்துல் அஸீஸ் இந்திய வணிகக் குடும்பத்திலிருந்து வந்து இடதுசாரிகளோடு நெருங்கியவர். லயத்தில் பிறந்தவர் இருவரில் எவருமில்லை.

1946இல் நமது மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசு சுவீகரித்தது. உருளவள்ளிப் போராட்டம் என்று நம்மவர் நினைவில் நிற்பது அதுதான். லயங்களை விட்டு வெளியேற மறுத்தோர்மீது குற்ற அத்துமீறல் வழக்கு விழுந்தது. செல்வநாயகம் என்ற தொழிலாளியின் மேன்முறையீடு 1950இல் கோமறைக் கழகம்வரை சென்று வென்றது. குடியிருப்பைக் காத்துக்கொள்வதே நோக்கமாயின், பிறரைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு தங்கியதாகக் கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். போராட்ட நாட்களில் காங்கிரஸ் ஒரே அணியாக நின்றது. ஆதலால் நிறுவகர்களின் பழைய சாய்வுகள் அன்று எவருக்கும் பொருட்டாகவில்லை.

பத்து வருடங்களில் நிலை மாறியது. 1956இல் அஸீஸ் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். அது இடதுசாரி உலகத் தொழிற்சங்கச் சம்மேளனத்தோடு சேர, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மேற்கு சார்ந்த சர்வதேசச் சம்மேளனத்தில் இருந்தது. தோட்டச் சொந்தக்காரர் தொழிலாளியின் பேரத்தை நடத்தலாமா என்று ஒரு தரப்பு கேட்டது. இடதுசாரியின் பேச்சில் மாஸ்கோ ஒளிந்திருக்கிறது என்றது மறு தரப்பு. இரண்டு குற்றச்சாட்டிலும் அரையளவுதான் நியாயம். ஆயினும் பிளவுபட்ட சங்கங்களோடு தனித்தனியே பேசுவது துரைமாருக்கு வசதியாய்ப் போயிற்று. சம்பளம் கேட்கப் போனவர்களின் கை அங்கேதான் மெலிந்தது.

1984 ஏப்ரலில் சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆண், பெண் நாட்சம்பளம் சமமானதும் அவ்வாண்டில்தான். பின்னர் கூட்டு ஒப்பந்தத்தில் போட்டிச் சங்கங்களே பக்கத்தில் பக்கத்தில் கையொப்பமிட்டன. 2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக்கியதும் கம்பனிகள் அவ்வொப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன.

வாப்பாவின் கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிறியதாய் 'தொ' அல்லது 'அ' என்றிருக்கும். 1984ஆம் ஆண்டுப் பக்கங்களில் அந்த எழுத்து இல்லை.