கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும்: உத்தரமேரூர் விலக்கு விதிகள் குறித்து

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துச் சாசனங்கள் இரண்டையும் (12, 14-ஆம் ஆட்சியாண்டுகள், கி.பி. 919, 921) ஒரே விதியின் முன்வரைவாகவும் செப்பமான வடிவமாகவும் கொள்வது ஆய்வுலகின் வழக்கம். ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆட்களைக் குடத்திலிட்ட ஓலைகளிலிருந்து எடுத்த குடவோலை முறையை மக்களாட்சியின் தொட்டில் என்று போற்றுவோரும், நிலமுடைய பிராமணர்களின் உள்வீட்டு ஏற்பாடு என்று ஒதுக்குவோரும் இந்த ஓரிடத்தில் ஒத்துப்போகின்றனர். விலக்கு விதிகளை அருகருகே வைத்துப் படித்தால் அந்த ஒருமிப்பு நிலைக்கவில்லை. இரண்டாம் சாசனத்தில் நான் காண்பது ஒரு சமரசத்தை.

919-ஆம் ஆண்டு விதி, வாரியத்திலிருந்து அப்போதுதான் விலகியவர்களின் நெருங்கிய உறவினரைக் குடவோலைக்கு வெளியே நிறுத்தியது. விலகியவர் ஒழுங்காக நடந்தாரா என்ற கேள்வியே அங்கில்லை. ஈராண்டுக்குப் பின் வந்த விதியோ, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்குகிறது. உறவினர் யார் யார் என்பதும் பட்டியலாகிறது: தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தந்தையோடு பிறந்தவர், மாமனார், மனைவியின் உடன்பிறந்தவர், உடன்பிறந்தாளின் கணவர், மருமகன் என்று அது நீள்கிறது. பட்டியல் நீண்டதால் விதி கடுமையானது என்பதே வழக்கமான வாசிப்பு. ஆனால் கணக்கை ஒப்படைத்தவரின் தம்பிக்கும் மைத்துனனுக்கும் இப்போது வழி திறந்துவிட்டது. 919-இல் அந்த வழி அடைபட்டிருந்தது.

காரணம் ஊகமே. ஆயினும் தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஒரு சதுர்வேதிமங்கலத்தில், விலகுவோரின் நெருங்கிய உறவினர் அனைவரையும் தள்ளினால் ஊரின் முப்பது குடும்புகளிலும் (பிரிவுகளிலும்) ஓலை எழுதத் தகுந்த பெயர்கள் எத்தனை மிஞ்சியிருக்கும்? ‘நெருங்கிய’ என்பதன் எல்லையைப் பற்றியும் சபையில் வாக்குவாதம் எழுந்திருக்க வேண்டும். சச்சரவு இல்லாத இடத்தில் மைத்துனனைப் பெயர் சொல்லி விலக்கும் தேவை வராது. வயதெல்லை 30–60 என்பதிலிருந்து 35–70 ஆனதும் இதே பேரத்தின் பகுதி என்று கருதுகிறேன். மூத்தவர்களுக்கு அது பத்தாண்டுகளைக் கூட்டித் தந்தது.

உறவுப் பட்டியல் தர்மசாத்திர மரபின் எதிரொலி மட்டுமே என்று சொல்லப்படலாம். சாசனத்தின் வரிசைமுறையே அதற்கு விடை. பட்டியல் விரிவது கணக்குக் காட்டாதவரின் இடத்தில். மகாபாதகங்களைச் செய்தவரைப் பற்றிய விதி அதற்குப் பின்னரே வருகிறது. அதுவும் முன் சொன்ன உறவினர் என்று சுட்டிவிட்டு நகர்கிறது. சாத்திரம் வழிகாட்டியிருந்தால் பாதகம் முன்னே வந்திருக்கும். இரு சபைக் கூட்டங்களிலும் அரசனின் ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருந்தார் என்பதால் எல்லாம் மேலிருந்து வந்த கட்டளை என்ற வாதமும் உண்டு. தாயின் உடன்பிறந்தாள் மகனைப் பற்றித் தஞ்சைக்கு என்ன கவலை?

ஓலை எடுக்கும் முறையிலும் சபையோர் ஒருவர் மேல் ஒருவர் கொண்ட ஐயம் தெரிகிறது. உள்ளிருப்பது என்னவென்றறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். கைக்குள் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடும் என்று அஞ்சியவர்கள் எழுதிய விதி இது. மக்களாட்சி மேடைகளில் இதை மேற்கோள் காட்டுவோர் சிறுவனை மறப்பதில்லை. விரல்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

இந்தச் சமரசம் யாருக்கிடையே நடந்தது என்பதில் ஒதுக்குவோரின் பக்கம் நியாயம் உண்டு. ஓலையில் பெயர் எழுதப்பட இறை (வரி) செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு மட்டும் அரைக்கால் வேலி போதும். தேர்வான முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும் போக, மீந்த அறுவருக்கு ஏரி வாரியம். அந்த ஏரிநீரை நம்பி உழுத குடிகளிடம் எதையும் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் இதைச் சொல்லிவிட்டுச் சாசனத்தை மூடிவைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கணக்கெழுதியவன் தன் கணக்கைத் தானே வந்து ஒப்படைக்க வேண்டும், வேறொருவனை வைத்து முடிக்கக் கூடாது என்றும் அதே சாசனம் விதிக்கிறது. தங்களுக்குள் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கே ஒருவர் மேல் ஒருவருக்கு இவ்வளவு நம்பிக்கையின்மை ஏன் என்பதை உள்வீட்டு ஏற்பாடு என்ற விளக்கம் தொடவே இல்லை.