சி மொழியின் கணிதச் செயற்கூறுகள்

வர்க்கமூலம், அடுக்கு, மடக்கை, கோணவியல் விகிதங்கள் போன்றவற்றைக் கணக்கிட்டுத் தர, சி மொழியோடு சேர்ந்து வரும் ஆயத்த நிரல்களே அதன் கணிதச் செயற்கூறுகள். ‘உள்ளமைந்த செயற்கூறுகள்’ என்று வகுப்பறையில் இவற்றைச் சொல்வது வழக்கம். உண்மையில் இவை மொழிக்குள் இல்லை, நூலகத்தில் இருக்கின்றன. புதிதாக சி படிப்பவர் தடுமாறும் இடங்கள் பலவற்றுக்கு இதுதான் வேர்.

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி, மொழியின் உட்கருவைச் சிறியதாகவே வைத்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மீதி காணல் ஆகியவற்றுக்குக் குறிகள் உண்டு. அடுக்குக்குக் குறி கிடையாது. கணக்கு நோட்டுப் பழக்கத்தில் 5^2 என்று எழுதினால் 25 வராது, 7 வரும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு பிழையும் சொல்லாது. அந்தக் கூரைக்குறி சி-யில் பிட்டுகளை ஒப்பிடும் ‘எக்ஸார்’ குறி: 101, 010 இரண்டையும் சேர்த்து 111 ஆக்கிவிடுகிறது. அடுக்கு வேண்டுமென்றால் பவ்(5, 2) என்று செயற்கூற்றைத்தான் அழைக்க வேண்டும்.

அழைப்பதற்கு முன் நிரலின் தலையில் ‘மேத்.எச்’ என்ற தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டும். இந்தக் கோப்பில் கணக்குப் போடும் நிரல் எதுவும் இல்லை. எந்தச் செயற்கூறு எந்தத் தரவினத்தை வாங்கி எதைத் திருப்பித் தரும் என்ற அறிவிப்பு மட்டுமே இருக்கிறது. வேலையைச் செய்யும் நிரல் ‘லிப்எம்’ என்ற தனி நூலகத்தில் உள்ளது. லினக்ஸில் ஜிசிசி கம்பைலரைப் பயன்படுத்துபவர், கட்டளை வரியில் கோப்புப் பெயருக்குப் பின்னால் ‘-எல்எம்’ என்று சேர்க்காவிட்டால் நிரலோடு நூலகத்தை இணைக்கும் லிங்கர் கையை விரித்துவிடும். இதில் மாணவரைக் குழப்பும் விசித்திரம் ஒன்று உண்டு. வர்க்கமூலம் காணும் எஸ்கியூஆர்டி-யிடம் 25.0 என்று எண்ணை நேரடியாகக் கொடுத்தால் ‘-எல்எம்’ இல்லாமலே நிரல் ஓடும். அதே 25-ஐப் பயனரிடம் கேட்டு ஒரு மாறியில் வைத்துக் கொடுத்தால் பிழை வரும். முதல் முறையில் விடை 5 என்று ஜிசிசி தானே கணக்கிட்டு எழுதிவிடுவதால் நூலகத்தை நாடவே தேவையில்லை. நெடுங்காலம் கல்லூரி ஆய்வகங்களில் ஓடிய டர்போ சி, கணித நூலகத்தைத் தானாகவே சேர்த்துக்கொண்டது. அதில் பழகியவர்கள் உபுண்டு லினக்ஸுக்கு வந்ததும் திகைத்ததில் வியப்பில்லை.

அடுத்த சிக்கல் தரவினம். எஸ்கியூஆர்டி, பவ் இரண்டும் தசம எண்ணுக்கான ‘டபுள்’ வகையில்தான் விடை தரும். அதை முழு எண்ணுக்கான ‘%டி’ கொண்டு அச்சிட்டால் திரையில் தெரிவது குப்பை. பவ்(5, 2)-இன் விடையை முழு எண்ணுக்கான ‘இன்ட்’ மாறியில் போடுவதும் ஆபத்தே: சில பழைய விண்டோஸ் கம்பைலர்களில் அது 24 என்று வந்திருக்கிறது. விடை 25-க்கு மயிரிழை குறைவாக அமைந்து, ‘இன்ட்’ ஆகும்போது தசமப் பகுதி வெட்டுப்பட்டதுதான் காரணம். வர்க்கம் மட்டும் வேண்டுமென்றால் எண்ணை அதே எண்ணால் பெருக்குவதே சரியான வழி, வேகமும் அதில்தான். எண்ணளவு காணும் ‘ஆப்ஸ்’ முழு எண்ணுக்கு உரியது, அதன் இடமும் வேறொரு தலைப்புக் கோப்பு. -2.7-ஐ அதனிடம் கொடுத்தால் 2 தான் கிடைக்கும், 2.7 வேண்டுமென்றால் ‘எஃப்ஆப்ஸ்’.

முழுமையாக்குவதிலும் கவனம் தேவை. -2.5-க்கு ‘ஃப்ளோர்’ -3 தரும், ‘சீல்’ -2 தரும். 1999 தரநிலையில் வந்த ‘ரவுண்ட்’, சரிபாதியைப் பூஜ்யத்துக்கு அப்பால் தள்ளுவதால் -3 தரும்.

கோணவியலில் நடக்கும் தவறு இவை எல்லாவற்றையும்விட அமைதியானது. பள்ளியில் சைன் 30 என்றால் அரை. சி-யில் சின்(30) என்று எழுதினால் -0.988 வருகிறது. செயற்கூறு கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கிறது. 30 பாகை என்று நாம் நினைத்துக் கொடுத்ததை அது 30 ரேடியனாக எடுத்துக்கொள்கிறது. பாகையைப் பையால் பெருக்கி 180-ஆல் வகுத்துக் கொடுத்தால் 0.5 வரும். பையின் மதிப்பை சி தரநிலை பெயரிட்டுத் தரவில்லை. பல கம்பைலர்களில் ‘எம்_பிஐ’ என்ற பெயரில் கிடைப்பது கூடுதல் வசதி மட்டுமே. எங்கும் செல்லுபடியாகும் வழி ஏகாஸ்(-1.0): கோசைன் -1 ஆகும் கோணம் பைதானே. மடக்கையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். ‘லாக்’ இயல் மடக்கையைத் தரும். பள்ளியில் அட்டவணை பார்த்துப் போட்ட 10 அடிமான மடக்கைக்கு ‘லாக்10’.

பையைக் கணினி முழுமையாக வைத்திருக்க முடியாது என்பதால் சின்(பை) கேட்டால் பூஜ்யம் கிடைப்பதில்லை. தசமப் புள்ளிக்குப் பின் 15 பூஜ்யங்கள் தாண்டி ஓர் எண் எட்டிப்பார்க்கும். 2024-இல் வெளியான சி தரநிலை இதற்கென ‘சின்பை’ என்ற செயற்கூற்றைச் சேர்த்துள்ளது. கொடுக்கும் எண்ணைப் பையின் மடங்காக எடுத்துக்கொள்ளும் அதனிடம் 1 கொடுத்தால் விடை துல்லியமாகப் பூஜ்யம்.