அஞ்சல் உறையும் இணைய வாயிலும்

வளரும் பருவத்தார்க்கு உடலைப் பற்றிய உண்மையை யார் சொல்வது, எவ்வழியாகச் சொல்வது என்னும் வினா இணையத்தோடு பிறந்ததன்று. அஞ்சல் வழியே அறிவு பரவிய நாளிலேயே அது எழுந்தது. அமெரிக்க வரலாற்றில் அவ்வினா நீதிமன்றம் ஏறிய இரு வழக்குகளை, மாணவ நண்பர்களே, இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மேரி வேர் டென்னட் என்னும் அம்மையார் 1915-ஆம் ஆண்டில் தம் புதல்வர் இருவர்க்காக ஒரு கட்டுரை வரைந்தார். அக்காலத்து நூல்கள் பாலியலைப் பற்றி அச்சத்தையே ஊட்டின. அவர் உண்மையை அன்போடு எடுத்துரைத்தார். 1918-இல் அது அச்சேறிப் பலர் கையை அடைந்தது. 1922-இல் அஞ்சல் துறை அதனை ஆபாசம் எனத் தடுத்தது. அம்மையாரோ மூடிய உறையிலிட்டு அனுப்பிவந்தார். 1929-இல் புருக்ளின் நகரில் அவர்க்கு 300 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டம் செலுத்துவதினும் சிறை புகுவதே மேல் என்றார் அவர். 1930-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது.

ஆண்டுகள் பல கடந்தன. அஞ்சல் உறையின் இடத்தை இணையம் பிடித்தது. பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு இணையத்தில் அநாகரிகமானவற்றை அனுப்புவோர்க்கு ஈராண்டுவரை சிறை என 1996 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. நோக்கம் நன்று, ஆயினும் எது அநாகரிகம் என்பதற்குத் தெளிவான எல்லை இல்லை. பிலடெல்பியாவிலிருந்து எய்ட்ஸ் தடுப்புச் செய்திகளை இணையத்தில் பரப்பிவந்த கியோஷி குரோமியா, வழக்குத் தொடுத்தோருள் ஒருவர். ஆணுறையைப் பற்றி இளைஞர்க்குச் சொல்வது உயிர் காக்கும் செயலா, குற்றமா என்பதே அவர்முன் நின்ற கேள்வி.

1997 ஜூன் 26-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் அநாகரிகம் பற்றிய பகுதியைச் செல்லாதாக்கியது. கல்லூரியில் பயிலும் பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கருத்தடை பற்றி மின்னஞ்சல் எழுதும் பெற்றோரும் அச்சட்டத்தால் சிறை செல்ல நேரும் என்று தீர்ப்புச் சுட்டியது. எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவது அறமாகாது அன்றோ?

அத்தோடு கதை முடியவில்லை. அரசின் இணைய உதவி பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டிகளை வைக்க வேண்டும் என 2000-இல் வேறொரு சட்டம் பிறந்தது. 2002-இல் கைசர் குடும்ப அறநிறுவனம் அவ்வடிகட்டிகளை ஆராய்ந்தது. தளர்ந்த நிலையில் அவை ஆபாசப் பக்கங்களுள் 87 விழுக்காட்டையும், நலக்கல்விப் பக்கங்களுள் 1.4 விழுக்காட்டையும் தடுத்தன. மிக இறுக்கியபோது ஆபாசத்தின் அளவு 91 ஆயிற்று; நலக்கல்வியின் அளவோ 24 ஆக உயர்ந்தது. நஞ்சைத் தடுத்ததில் பெற்ற ஊதியம் சிறிது. மருந்தை இழந்த இழப்புப் பெரிது.

ஐயம் எழுவது பருவத்தின் இயல்பு. நல்லோர் வாய் மூடினால் அவ்வையம் அடங்கிவிடாது. அல்லாதாரிடம் விடை தேடிச் செல்லும். ஆதலின், நண்பர்களே, கூச்சமின்றிக் கேளுங்கள். மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள். இணையத்தில் படித்தால், எழுதியவர் யார், எச்சான்று கொண்டு எழுதினார் என்று ஆராய்ந்து கொள்ளுங்கள்.