யார் நடத்திய விடுதி?

பாரிஸ்டர் பட்டத்துக்காக 1888இல் லண்டனில் இறங்கிய காந்தியைச் சட்டப் படிப்பு அதிகம் வாட்டவில்லை. இன்னர் டெம்பிள் என்ற சட்டக் கழகத்தில் பன்னிரண்டு பருவங்களை நிறைவு செய்ய வேண்டும், பருவந்தோறும் விருந்து மேஜையில் உட்கார்ந்து எழ வேண்டும். தேர்வுகள் எளியவை என்று அவரே எழுதியிருக்கிறார். அவரை வாட்டியது பசி. தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி இறைச்சியைத் தொடாதவர், தங்கிய வீட்டில் கிடைத்த ரொட்டியையும் உப்புச்சப்பில்லாத அவித்த காய்கறியையும் தின்று அரை வயிற்றோடு கிடந்தார். தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடி, ஃபேரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்ட பிறகே லண்டன் அவருக்கு வாழத்தக்க ஊரானது. பின்னாளில் மாணவர்களுக்காக ஒரு லண்டன் வழிகாட்டி எழுதியபோது, வாரம் ஒரு பவுனில் அங்கே வாழ முடியும் என்று கணக்குப் போட்டே காட்டினார். கூரை, சோறு, கட்டுப்படியாகும் செலவு, நம்பி யோசனை கேட்க ஓர் ஆள்: அயல்நாட்டுக்குப் படிக்கப் போனவருக்கு அன்று வேண்டியிருந்தவை இவைதாம். இவற்றைக் கொடுக்கப் பலர் முன்வந்தார்கள். ஆனால் கொடுத்த கையே கண்காணிக்கவும் செய்தபோது மாணவர்கள் விலகிப் போனார்கள். தங்களவர் நடத்திய இடங்களிலேயே வேர் பிடித்தார்கள் என்பது என் வாதம்.

லண்டனில் வாழ்ந்த இந்தியத் தேசியவாதி ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா 1905 ஜூலை 1 அன்று அந்நகரின் ஹைகேட் பகுதியில், கிராம்வெல் அவென்யூவில், 65ஆம் எண் வீட்டில், இந்தியா ஹவுஸைத் திறந்தார். ஏறத்தாழ 25 மாணவர்கள் தங்கக்கூடிய வீடு அது. இன்று நாம் அதை சாவர்க்கரின் பெயரோடும், திருச்சி வரகனேரியிலிருந்து பாரிஸ்டர் படிக்கப் போன வ.வே.சு. ஐயரின் பெயரோடும் புரட்சிக் கூடாரமாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். முதலில் அது விடுதி என்பதை மறந்துவிடுகிறோம். ஷ்யாம்ஜியும் நிபந்தனை இல்லாமல் கொடுத்தவர் அல்லர்; அவருடைய உதவித்தொகை பெற்றவர் பிரிட்டிஷ் அரசு வேலைக்குப் போகக்கூடாது. ஆனால் அந்த நிபந்தனை வெளிப்படையானது. ஏற்பதும் மறுப்பதும் மாணவர் கையில் இருந்தது. அரசின் வழி வேறு. 1907இல் லீ-வார்னர் தலைமையில் ஒரு குழு இந்திய மாணவர்களின் நிலையை விசாரித்தது. அதன் அறிக்கை பல ஆண்டுகள் வெளியிடப்படவே இல்லை. 1922இல், இந்திய மாணவர்களைப் பற்றி மீண்டும் விசாரித்த லிட்டன் குழுவின் அறிக்கைக்குப் பின்னிணைப்பாகத்தான் வெளிவந்தது. 1909இல் இந்திய மாணவர்களுக்கான தகவல் அலுவலகம் தொடங்கி, டி.டபிள்யூ. ஆர்னால்டு கல்வி ஆலோசகரானார். அடுத்த ஆண்டு 21, கிராம்வெல் சாலை வீட்டில் அந்த அலுவலகமும் தங்கும் அறைகளும் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆர்னால்டு இஸ்லாமிய வரலாறு கற்ற பெரிய அறிஞர். அவருடைய நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. இருந்தும், தங்களை ஆளும் இந்தியா ஆபீஸின் ஏற்பாடு என்பதாலேயே பல மாணவர்கள் அந்த வீட்டை ஐயத்தோடு பார்த்தார்கள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். 1909 ஜூலை 1 அன்று, இந்தியா ஹவுஸோடு பழகிய மதன்லால் திங்ரா, லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டில் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அப்படியிருக்க அரசு கண்காணித்ததில் என்ன தவறு? கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் லீ-வார்னர் குழு விசாரித்தது கொலைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. கொலையாளி ஒருவர், சந்தேக நிழலோ வீட்டு வாடகைக்கும் கல்லூரி இடத்துக்கும் அலைந்த அத்தனை மாணவர்கள் மேலும் விழுந்தது. லண்டனில் படித்த ஆப்பிரிக்க மாணவர்களின் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. அங்கே கொலை ஏதும் இல்லை. நைஜீரியச் சட்ட மாணவர் லடிப்போ சொலாங்கே 1925இல் தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கம், நிறவெறியால் அறை கிடைக்காமல் தவித்தவர்களுக்காக 1933இல் கேம்டன் சாலையில் விடுதி திறந்தது. மறு ஆண்டே காலனி அலுவலகத்தின் ஆதரவோடு ஆக்ரி ஹவுஸ் என்ற விடுதி வந்தது. மாணவர்களைக் கட்டுக்குள் வைக்கும் முயற்சி இது என்று சங்கம் வெளிப்படையாகவே எதிர்த்தது.

தங்களவரோடே தங்கினால் புதிய நகரத்தோடு எப்படிக் கலப்பது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கவலைதான். ஆனால் காந்தி ஆங்கிலேயரோடு கலந்தது சாப்பிட ஓர் இடம் கிடைத்த பிறகு. சைவ உணவகத்தில் தொடங்கிய பழக்கம் அவரை லண்டன் சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவரை கொண்டுபோயிற்று. லண்டனின் பேஸ்வாட்டர் பகுதியில் அவரே சைவ உணவுக் கழகம் தொடங்கினார், கவிஞர் எட்வின் ஆர்னால்டு அதில் துணைத் தலைவரானார். வயிறு நிறைந்தவனுக்கே அண்டை வீட்டாரோடு பேசத் தெம்பு வரும்.

இந்த வரலாற்றில் நாம் அதிகம் பேசாத பெயர் கே.டி. பால். சேலத்தில் 1876இல் பிறந்தவர், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச் செயலாளர். 1920இல் லண்டனில் இந்திய மாணவர் விடுதிக்கு வித்திட்டவர் அவர். கிறிஸ்தவ அமைப்புதான், ஆனால் இந்தியர் பொறுப்பில் இருந்தது, எல்லா மதத்து மாணவர்களையும் ஏற்றது. கோவர் தெருவில் இருந்த அதன் கட்டடம் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து நாசமானது. விடுதி மூடப்படவில்லை. ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் 41ஆம் எண்ணில் புதிய கட்டடம் எழுந்தது. இந்தியாவிலிருந்து படிக்கப் போகிறவர்கள் இன்றும் அங்கே தங்குகிறார்கள்.